எந்தப் படகு?

வேணாம் தம்பி, மேல வைக்காதீங்க. மடியிலயே இருந்துட்டுப் போவுது. வெயிட்டே கெடையாது. பண்ருட்டி வரைக்கும் இப்பிடியே வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன், ஒங்களுக்கு இடிச்சா மட்டும் சொல்லுங்க.

இதுவா? லைஃப் ஜாக்கெட்டுன்னு சொல்லுவாங்க. தண்ணியில விழுந்தா முழுகாம இருக்கப் போட்டுக்கற சட்டை. ஏழு வயசுக் கொழந்தைக்கு அளவு. என் பேத்தியோடது. தண்ணியில ஒரு தடவகூட எறங்காத சட்டை, நல்லாப் பாருங்க, ஒரு கறை இருக்கா?

அமெரிக்காவுலேர்ந்து வரேன். காலையில மீனம்பாக்கத்துல எறங்கி, கிளாம்பாக்கம் வந்து இந்த பஸ்ஸைப் புடிச்சேன். ஆறு மாசம் இருக்கறதுன்னு போனவன், நாலே மாசத்துல திரும்பிட்டேன். நானாத்தான் வந்தேன். டிக்கெட்டை மாத்திக் குடுத்தது எம்மவன், ஆனா வரேன்னு சொன்னது நான்தான். அதாவது, அவன் "ஊருக்குப் போறீங்களாப்பா"ன்னு கேட்டான், நான் சரின்னேன். வித்தியாசம் இருக்கில்ல?

எம் பேரு கலியபெருமாள். தாலுக்கா ஆபீஸ்ல முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ். அசிஸ்டென்டா நொழஞ்சு துணை வட்டாட்சியரா வெளிய வந்தேன். மனு எழுதறதுல எங்க ஜில்லாவுல என்னை அடிச்சிக்க ஆளு கெடையாது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. இந்த வரிசையில ஒண்ணு தப்புனாலும் அது மனு இல்ல, வெறும் கடுதாசி. எங்க வீட்ல, அஞ்சலாட்சின்னு பேரு, மூட்டு வலியால அவளால வர முடியல, நான் கெளம்பறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அங்க போயி யாருக்கும் எதையும் எழுதாதீங்க. சும்மா கெடக்கற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க." இவளுக்கு என்ன தெரியும்னு நெனச்சிக்கிட்டு காருல ஏறுனேன்.

எம்மவன் அறவாழி. டல்லாஸ் பக்கத்துல கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கும் மருமவ ஹேமாவுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி பிரிவாயிட்டுது. ஏன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. கேட்டா "ஒண்ணுமில்லப்பா"ங்கறான். ஒண்ணுமில்லாததுக்கா கோர்ட்டுக்குப் போவாங்க? கொழந்தை அம்மாகூட. மாசத்துல ரெண்டு சனி ஞாயிறு அப்பங்கிட்ட. நறுமுகைன்னு பேரு, நான் வச்சது. அங்க பள்ளிக்கூடத்துல நாரு நாருன்னு கூப்புடறாளுவோ. நான் முகின்னு கூப்புடுவேன்.

மொத ஆறு மாசம் அந்தக் கொழந்தை அப்பன் வீட்டுக்கு வந்தா, முதுகுல பையைக்கூடக் கழட்டாம கதவாண்டயே ஒக்காந்திருக்குமாம். சாப்புடாது. பேசாது. அம்மா எப்ப வருவான்னு மட்டும் கேக்குமாம். இவன் எனக்கு போன்ல சொல்லி அழுதிருக்கான், நாப்பது வயசு ஆம்பளை. அப்பறம் எங்கயோ ஒரு பழைய படகு வாங்கியாந்தான். பச்சை பெயிண்டு அடிச்ச அலுமினியப் படகு, பதினாலடி நீளம், ரெண்டு சக்கரம் வச்ச இழுவை வண்டி மேல கட்டியிருக்கும். வீட்டுக்குப் பக்கவாட்டுல மரவேலிக்கு உள்ளாற தள்ளி நிறுத்துனான். அன்னைக்கிதான் முகி அந்தப் பையைக் கழட்டி வச்சா.

தண்ணின்னா அவளுக்கு பயம். அதனால இவன் சொல்லியிருக்கான், மொதல்ல தரையில பழகுவோம், நீ எப்பப் போலாங்கறியோ அப்ப ஏரிக்குப் போலாம்னு. நான் போன பிற்பாடு கண்ணால பாத்தேன். சனிக்கிழமை காலையில வந்து எறங்குனதும் இந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு படகுல ஏறிடுவா. தயிர் சாதம் அதுலதான், வீட்டுப் பாடம் அதுலதான். என்னையும் ஏத்தி ஒக்கார வச்சிட்டு, "தாத்தா, கைய வெளிய நீட்டாத, மீன் கடிக்கும்"பா. கீழ புல்லுத் தரை. இந்தச் சட்டையில ஒரு விசில் உண்டு தம்பி. தண்ணியில என்னவானாலும் இதை ஊது, அப்பா எங்க இருந்தாலும் வந்துருவேன்னு அவன் சொல்லிக் குடுத்திருந்தான். அவன் சமையக்கட்டுல தோசை ஊத்துறப்ப பாத்து ஊதுவா. தோசைக் கரண்டியோட ஓடுவான். ஒரு நாளைக்கு இருவது தடவ ஊதுவா, இருவது தடவயும் ஓடுவான்.

ஹேமாவுக்கு சியாட்டில்ல ஒரு பெரிய வேலை வந்துச்சாம். நாலு மணி நேரம் விமானத்துல போவணும், அவ்வளவு தூரம். வேணாம்னுட்டா. "இப்பதான் மாமா அவ அப்பாகிட்ட ஒட்டியிருக்கா, பிரிக்க மனசு வரல"ன்னு அவளே எனக்கு போன் பண்ணிச் சொன்னா. நல்ல பொண்ணு, குத்தம் சொல்ல மாட்டேன். லீவு விட்டதும் ஏரிக்குப் போலாம்னு முகியும் ஒத்துக்கிட்டா. காலண்டர்ல ஒரு சனிக்கிழமையைச் சுத்தி வட்டம் போட்டு வச்சிருந்தா.

பக்கத்து வீட்டுக்காரர் வால்ட்டர்னு ஒரு வெள்ளைக்காரர். என் வயசுதான் இருக்கும். தெனம் ஒரு அட்டையைக் கையில வச்சிக்கிட்டு தெருத்தெருவா நடப்பார். ஒரு நாள் வேலியாண்ட நின்னு பேசிக்கிட்டு இருந்தப்ப, எங்க படகு எப்பிடி இருக்குன்னு கேட்டேன். அதோட மூக்கு வேலிக்கு மேல ஒரு முழம் நீட்டிக்கிட்டு இருக்குது. அவரு அதைப் பாத்துக்கிட்டே சொல்றார், "எந்தப் படகு?" அப்பிடின்னுட்டு ஒரு கண்ணை மூடித் தொறந்தார். பாவம், கண்ணுல புரை போலருக்குன்னு நெனச்சேன். பாண்டிச்சேரியில நல்ல ஆஸ்பத்திரி இருக்குன்னுகூடச் சொன்னேன். சிரிச்சிக்கிட்டே போயிட்டார்.

சித்திரை மாசம், தபால்ல ஒரு நோட்டீஸ் வந்துது. அந்தப் பக்கம் வீட்டுக்காரங்க எல்லாம் சேந்து ஒரு சங்கம் வச்சிருக்காங்க. ஹெச்ஓஏம்பாங்க. ஏதோ ஹெட் ஆபீசுன்னு நெனச்சேன் நான், கேட்டா சங்கமாம். புல்லு எத்தனை ஒசரம் இருக்கலாம், கதவுக்கு என்ன பெயிண்டு அடிக்கலாம், எல்லாத்துக்கும் விதி. வெயில் காலம் வருது இல்லியா, அதுக்காக எல்லா வீட்டுக்கும் பொதுவா அனுப்புனது. படகு, தங்கி ஊர் சுத்தற பெரிய வேன், இழுவை வண்டி இதெல்லாம் தெருவுலேர்ந்து பாத்தா கண்ணுக்குத் தெரியற மாதிரி நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருந்துது. அறவாழி அதைப் பாத்துட்டு மேசை மேல தூக்கிப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டான். எனக்குத்தான் அப்பிடி விட முடியல. வெளிய போயி பாத்தேன். ஒரு முழம் மூக்கு. கார் ஷெட்டுக்குள்ள விடலாம்னு அளந்தேன், ரெண்டு சாண் பத்தல. வேலியை ஒசத்தலாம்னா அதுக்கும் ஒரு விதி.

நீங்க சொல்லுங்க தம்பி, நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? ஒருத்தன் புறம்போக்குல வீடு கட்டிக்கிட்டான்னு வைங்க. நாங்க பி-மெமோ குடுப்போம், ஆக்கிரமிப்புன்னு. அவன் அதைக் கிழிச்சா போடுவான்? சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா சொருகி வைப்பான். ஏன்னா பின்னால பட்டா கேக்கறப்ப அதான் ஆதாரம். இந்த எடத்துல இவன் இத்தனை வருஷமா இருக்கான்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கில்ல? பதிவுல ஏறுனவன் தப்பிச்சான், ஏறாதவன் தொலைஞ்சான். முப்பத்து நாலு வருஷம் நான் பாத்த பாடம் அது. எதுவா இருந்தாலும் பதிவுல இருக்கணும். அதனால அந்தப் படகை முறைப்படுத்திடலாம்னு முடிவு பண்ணேன். மவனுக்கு ஒரு நல்லது செஞ்சிட்டு ஊருக்குப் போவோமேன்னுதான். வேற என்ன?

ரெண்டு நாள் ஒக்காந்து இங்கிலீஷ்ல எழுதினேன். பொருள்: படகு ஒன்று, முறைப்படுத்தக் கோருதல், தொடர்பாக. பார்வை: தங்கள் சுற்றறிக்கை, தேதி போட்டு. வேலியையும் படகையும் அளந்து வரைபடம் போட்டேன், வடக்கு தெற்கு குறிச்சி. நாலு பக்கத்துலேர்ந்தும் போட்டோ. அடுத்த வீட்டுக்காரர் வால்ட்டர் தெனமும் இந்தப் படகைப் பாக்கறார், அவருக்கு ஆட்சேபணை இல்லைன்னு சாட்சியும் போட்டாச்சு. கடைசியில, மனசு எளகட்டும்னு, என் மகனும் மருமகளும் பிரிஞ்சிட்டாங்க, கொழந்தை அப்பன் வீட்ல வாய் தொறக்காம கெடந்துச்சு, இந்தப் படகு வந்துதான் அவ பேசுனா, தயவு கூர்ந்து கருணை அடிப்படையில பரிசீலிக்கவும்னு முடிச்சேன். படிச்சா கல்லும் கரையும் தம்பி. இன்னைக்கும் சொல்றேன், அந்த மனுவுல ஒரு பிழை கெடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங்குன்னு எனக்கு பதில் வந்துது. அன்னைக்கி அறவாழி ஆபீஸ்லேர்ந்து இன்னும் வரலை. எல்லாம் முடிஞ்சி உத்தரவு கையில வந்ததும் சொல்லிக்கலாம்னு, அவன் சட்டை ஒண்ணை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு நான் மட்டும் நடந்து போனேன். நீச்சல் கொளத்தாண்ட ஒரு ஹாலு. முப்பது பேரு இருப்பாங்க. ஒரு அம்மா எழுந்து நின்னு என் மனுவை மொத வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் சத்தமா வாசிச்சிது. நடுவுல அந்தம்மாவே கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிக்கிட்டுது. வால்ட்டர் மொத வரிசையில குனிஞ்சி தன் பூட்ஸையே பாத்துக்கிட்டு இருந்தார். ஒரு ஆளு வந்து என் தோளைத் தொட்டு, 'சாரி'ன்னான். நான் அவன் கையைப் புடிச்சிக் குலுக்கி, பரவாயில்ல, பரவாயில்லன்னேன். ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன்.

மூணே நாள்ல உத்தரவு வந்துட்டுது. என்ன வேகங்கறீங்க, நம்ம ஊர்ல மூணு வருஷம் ஆவும். பத்து நாளைக்குள்ள படகை எடுக்கணும்னு இருந்துது. அதுக்கும் நான் கலங்கல தம்பி. அறவாழி வேலை முடிஞ்சி வந்து ஷூவைக் கழட்டிக்கிட்டு இருக்கான், நான் அந்தக் காயிதத்தை நீட்டிக்கிட்டே சொன்னேன், "பி-மெமோ வந்துட்டுதுடா, இனிமே பட்டா வாங்கறது என் பொறுப்பு."

படிச்சான். கூட இணைச்சிருந்த என் மனுவையும் படிச்சான். ஒத்தைக் கால்ல ஷூவோட மாடிப்படியில அப்பிடியே ஒக்காந்துட்டான். கத்தல, திட்டல, மெதுவாச் சொன்னான்.

"அவங்களுக்குத் தெரியும்ப்பா. எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாங்க."

அந்த வால்ட்டர்தான் சங்கத்துக்காக தெருத்தெருவா சுத்தி எந்த வீட்ல என்ன குத்தம்னு எழுதற ஆளாம். அந்த அட்டை அதுக்குத்தானாம். ஒரு வருஷமா எங்க வீட்டாண்ட வந்தா வானத்தைப் பாத்துக்கிட்டே நடந்திருக்கார். நான் அவரையே சாட்சி போட்டேன். அதோட அவரு அந்தப் பொறுப்பை விட்டுட்டார். எழுதிக் குடுத்து, ஊரு முன்னாடி வாசிச்ச பிற்பாடு, யாரு தம்பி பாக்காத மாதிரி இருக்க முடியும்? நானே எத்தனை பேருக்குக் கண்டும் காணாம விட்டிருக்கேன். ஏரிக்கரையில ஒரு வரிசை குடிசைங்க, வருஷக் கணக்குப் பாக்கற ஜமாபந்திக்குப் போறப்ப ஜீப்புல அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். அதே காரியத்தை ஒரு வெள்ளைக்காரர் கண்ணைச் சிமிட்டி செஞ்சா, எனக்குப் புரையாத் தெரிஞ்சிது.

படகை நாப்பது மைலுக்கு அப்பால ஒரு கிடங்குல கொண்டு போயி விட்டான். அங்க பூட்டி வைக்கலாம், ஏறி ஒக்கார விட மாட்டாங்க. அடுத்த சனிக்கிழமை முகி வந்தா. வந்ததும் இந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு வேலிப் பக்கம் ஓடுனா. புல்லு மேல ரெண்டு சக்கரத் தடம் மட்டும் மஞ்சளா கெடந்துது. அவன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். நான்தான், கொழந்தைகிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு, தாத்தாதாம்மா எழுதிக் குடுத்தேன், படகுக்கு அனுமதி வாங்கலாம்னுன்னு நடந்ததைச் சொன்னேன்.

"நீ ஏன் தாத்தா அவங்ககிட்ட சொன்ன? அது ஒளிஞ்சிக்கிட்டுதானே இருந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டா. அழல. உள்ளாற போயி சட்டையைக் கழட்டி ஷெட்டு ஆணியில மாட்டிட்டு, பையை எடுத்து முதுகுல போட்டுக்கிட்டு கதவாண்ட ஒக்காந்தா. அன்னைக்கி சாயங்காலமே ஹேமா வந்து அழைச்சிட்டுப் போற வரைக்கும் எழுந்திருக்கல. இவன் தோசை ஊத்திக் கொண்டாந்து பக்கத்துலயே தட்டை வச்சிக்கிட்டு தரையில ஒக்காந்திருந்தான். அது ஆறிப் போயி வெறைச்சிக்கிட்டுது.

அதுக்கப்பறம் அவ வரலை. வரமாட்டேன்னு அங்க ஒரே அழுகையாம். ரெண்டு தவணை பாத்துட்டு ஹேமா சியாட்டில் வேலைக்குச் சரின்னு சொல்லிட்டா. கொழந்தையைக் கூட்டிட்டுப் போவ அப்பன் சம்மதம் வேணும். இவன் சண்டை போடுவான்னு பாத்தேன். போட்டுட்டான் தம்பி, கையெழுத்து. வராத கொழந்தையை எந்த விதியக் காட்டிப்பா வரவைக்கிறதுன்னான்.

நான் சும்மா இருப்பனா? மனுவைத் திரும்பப் பெறுதல்னு ஒண்ணு உண்டு. மனுதாரர் எழுதிக் குடுத்துட்டா, அந்த மனுவே வரலைன்னு ஆயிடும், மேல எதுவும் நடக்காது. ஒரே மூச்சுல எழுதி, எல்லாத்தையும் பழையபடி ஆக்கித்தர வேணுமாய்ன்னு முடிச்சி, அவங்கிட்ட குடுத்து தபால்ல போடச் சொன்னேன். வாங்கிப் படிச்சான். மடிச்சான். என் கையைப் புடிச்சி அந்தக் காயிதத்தை அதுலயே வச்சி மூடிட்டு, "இதை யாருக்குப்பா அனுப்பணும்?"னு கேட்டான். கோவமே இல்ல அந்தக் கேள்வியில. கோவப்பட்டிருந்தா தேவலாம். சட்டைப்பையில இருக்குது பாருங்க, அந்தக் காயிதம். பெறுநர்னு போட்டு அதுக்குக் கீழ வெறுமனே விட்டிருக்கேன். முப்பத்து நாலு வருஷத்துல அப்பிடி ஒரு மனுவை நான் கையால தொட்டதில்ல.

திண்டிவனம் தாண்டிட்டமா? தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி ஹேமா கொழந்தையைச் சொல்லிட்டுப் போவ அழைச்சிட்டு வந்தா. முகி எங்க யார்கிட்டயும் வரலை, நேரா ஷெட்டுக்குள்ள போனா. ஒரு பத்து நிமிஷம். திரும்பி வந்து அப்பனை ஒரு கையால கழுத்தைக் கட்டிக்கிட்டா. எனக்கு ஒரு கை குடுத்தா. இன்னொரு கையைப் பாவாடைப் பையிலேர்ந்து எடுக்கவே இல்ல. அந்தக் கையும் குடும்மான்னு கேட்டேன், தலையை ஆட்டிட்டு காருல ஏறிட்டா. எம்மேல அத்தனை கோவம். இருக்காதா?

இந்தச் சட்டை ஆணியிலயே தொங்கிக்கிட்டு இருந்துது. அதைத் தாண்டிப் போறப்பல்லாம் இவன் மொகத்தைத் திருப்பிக்குவான். நான் கெளம்பற அன்னைக்கி எங்கிட்ட குடுத்து, எடுத்துட்டுப் போயிருங்கப்பா, என்னால பாக்க முடியலன்னான். நான் வாங்கிக்கிட்டேன். அதுலயும் ஒரு கோளாறு பண்ணிட்டேன் தம்பி, அதான் காலையிலேர்ந்து மனசு அடிச்சிக்குது. விசிலைத் தொலைச்சிட்டேன். விமானத்துல பாக்கறேன், கயிறு இருக்கு, கொக்கி இருக்கு, விசிலைக் காணோம். சீட்டுக்கு அடியில தவழ்ந்து தேடுனேன். ஏர்போர்ட்ல சோதனை போடறவன் எடுத்துட்டானோ என்னவோ. ஒரு சாமானை நம்பிக் குடுத்தா பத்திரமாக் கொண்டு வரத் துப்பில்ல எனக்கு.

என்ன? அறுந்த மாதிரி இல்லியா? எங்க காட்டுங்க. ஆமா, கயிறு முழுசாத்தான் இருக்குது. முடிச்சை அவுத்து எடுத்திருக்கு. இது இறுக்கமான முடிச்சாச்சே, அவசரத்துல அவுக்க வராதே. ஒரு பத்து நிமிஷமாவது...

பாவாடைப் பை.

அந்தக் கை.

இருங்க தம்பி. ஒரு நிமிஷம் இருங்க.

அவன் சொல்லியிருக்கான். எங்க இருந்தாலும் வந்துருவேன்னு. அதை நம்பித்தான் எடுத்துட்டுப் போயிருக்கா. சியாட்டில்ல நின்னு ஊதுவா, அவன் காதுல எங்கேர்ந்து விழும்? தோசைக் கரண்டியோட எங்க ஓடுவான் அவன்? ஐயோ, நான் பண்ண காரியம்.

பேனாவா? மவனுக்கு எழுதச் சொல்றீங்களா? வேணாம் தம்பி, உள்ளாற வைங்க. இதை எழுத மாட்டேன். எழுதுனா யாராவது படிப்பாங்க, இது யாரு சாமான், ஏன் எடுத்தன்னு அந்தக் கொழந்தையைக் கேப்பாங்க. ஊர்ல எறங்குனதும் அஞ்சலாட்சி இந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பாப்பா, விசில் எங்கன்னு கேப்பா. அவளுக்கும் அதான் பதில். எந்த விசில்?

அறவாழிக்கு மட்டும் வாயால சொல்லணும். ரிங் போவுது பாருங்க. ஊருக்கு வந்துட்டேன்னு சொல்ல பஸ் ஏறுனதுலேர்ந்து கூப்புடறேன், இது ஏழாவது தடவ. எடுக்க மாட்டேங்கறான்.